பழைய ஆற்றுக்கும் புதிய ஆற்றுக்கும் நடுவே ஒரு தெரு

ஆற்றின் இரு கரைகளிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பேற்றுள்ள அலுவலர்கள் இருவருக்கும்,

வணக்கம்.

எங்கள் பேரூராட்சி அலுவலகத்தின் முகப்பில் ஊர் விவரப் பலகை ஒன்று இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். பரப்பளவு, வார்டுகள், தெருவிளக்குகள், குடிநீர்த் தொட்டிகள் என்று வரிசையாக எழுதி, நடுவில் 'மக்கள்தொகை (2011)' என்று ஓர் எண்ணைப் போட்டிருக்கும். அண்மையில் அந்தப் பலகைக்குப் புது வண்ணம் அடித்து, அதே எண்ணை மறுபடியும் பளிச்சென்று எழுதிவைத்தார்கள். 2011இல் பிறந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். எண் பழையதாகிவிட்டது என்பது ஊரறிந்த குறை. ஆனால் அந்த எண் எடுக்கப்பட்ட நாளிலேயே தவறானது என்பது மிகச் சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலரில் நான் ஒருவன். 1991, 2001, 2011 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளிலும் இந்த ஊரில் கணக்கெடுப்பாளராகப் பணி செய்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆற்றுக்கு வடகரையில், படுகையை ஒட்டி ஒரு தெரு இருக்கிறது. ஊரார் அதைப் படுகைத் தெரு என்பார்கள். அந்தத் தெருவை 2011இல் யாரும் எண்ணவில்லை. தாங்கள் இருவரும் மனம் வைக்காவிட்டால் இம்முறையும் அது எண்ணப்படாது.

இது எப்படி நேர்ந்தது என்பதை விளக்க எங்கள் ஊரின் நில அமைப்பைச் சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் சிற்றாறுகள் சேர்ந்து பேராறு ஆகும். டெல்டாவில் பேராறு பிரிந்து பிரிந்து சிற்றாறுகள் ஆகும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகும் நீர், வெண்ணாற்றில் மட்டுமே வெட்டாறாகவும் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து, அதற்குக் கீழே கணக்கில்லாத வாய்க்கால்களாகக் கடைமடை வரை போகிறது. இத்தகைய மண்ணில் ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் இடையே எல்லை எது என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் ஆற்றையோ வாய்க்காலையோதான் காட்டுவார்கள். கல் நட்டால் பிடுங்கிவிடலாம், ஆற்றைப் பிடுங்க முடியாது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு.

எங்கள் ஊருக்கு எல்லையாக இருந்த ஆறு ஒரு காலத்தில் வடக்கே வளைந்து போய்த் திரும்பி வந்தது. என் பாட்டனார் காலத்துப் பெருவெள்ளம் ஒன்றில் அது அந்த வளைவை வெட்டிக்கொண்டு நேராக ஓடத் தொடங்கியது. பின்னர் அந்த நேர்வழிக்கே கரை கட்டினார்கள். விடப்பட்ட வளைவு இன்றும் பழைய ஆறு என்ற பெயரில் கோரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கிறது. வருவாய்த்துறையின் கிராம வரைபடத்தில் எங்கள் ஊர் எல்லை அந்தப் பழைய ஆற்றின் வழியேதான் போகிறது. படுகைத் தெரு பழைய ஆற்றுக்குத் தெற்கே, புதிய ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே, புதிய ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாலும் அது எங்கள் பேரூராட்சியைச் சேர்ந்த தெருதான். இதில் ஐயம் எதுவும் இல்லை. பழைய ஆற்றங்கரையில் சர்வே கற்கள் மூன்று இன்னும் நிற்கின்றன.

2011 பிப்ரவரியில் என் கையில் கொடுக்கப்பட்ட வரைபடம் இந்தக் கிராம வரைபடம் அன்று. பகுதியின் எல்லைகளைக் கோடுகளால் காட்டும் கைவரைபடம். அதில் வடக்கு எல்லை என்று போடப்பட்டிருந்த இடத்தில் 'ஆறு' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. எந்த ஆறு என்று நான் கேட்டிருக்க வேண்டும். அக்கரைத் தெரு யாருக்குச் சேர்ந்தது என்று மட்டும் கேட்டேன். அது அந்தப் பக்கத்துப் பட்டியலில் வந்துவிடும் என்று பதில் வந்தது. பிப்ரவரி 9 முதல் 28 வரை என் பகுதியில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, ஆற்றங்கரைப் பிள்ளையார் கோயிலோடு பணியை முடித்துக்கொண்டேன். வடக்குக் கிராமத்தின் கணக்கெடுப்பாளரும் ஓர் ஆசிரியர்தான். அவருடைய எல்லை பழைய ஆற்றோடு முடிந்தது, அது சரியும்கூட. ஆறேழு ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தபோது, "படுகைத் தெருவை நீங்கள்தானே சார் எடுத்தீர்கள்?" என்று அவர் பேச்சுவாக்கில் கேட்டார். அவர் எடுத்ததாக நான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் அந்தத் தெருவுக்குப் போய் ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையையும் பார்த்தேன். 2010இல் கணக்கெடுப்பின் முதல் கட்டமாக வீட்டுப் பட்டியல் எடுத்தபோது நிலைக்கு மேலேயோ சுவரிலோ எழுதிய எண், ஊருக்குள் சுண்ணாம்பு அடிக்காத பழைய வீடுகளில் அன்றைக்கும் மங்கலாகத் தெரிந்தது. படுகைத் தெருவில் ஒரு வீட்டிலும் அது இல்லை. அந்த மக்களுக்கு வாக்காளர் அட்டை இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது, ஆதார் இருக்கிறது. தேர்தலுக்கு வருகிறவர்களுக்கு வழி தெரிகிறது. மக்கள்தொகையில் மட்டும் அவர்கள் இல்லை.

எண்ணப்படாததால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பலவற்றைச் சொல்ல முடியும். 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்கான மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது 90 விழுக்காடு எடையை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக்குத்தான் கொடுத்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பதும் தலைக்கணக்குத்தான். ஆனால் நான் ஒன்றை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

படுகைத் தெருவில் அங்கன்வாடி இல்லை. 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேர் இருந்தால் ஒரு குறு மையம் என்று விதி வகுத்திருக்கிறார்கள். சென்ற மாதம் நான் நோட்டும் கையுமாக வீடு வீடாகப் போய் எழுதியதில் 61 வீடுகளில் 238 பேர் இருந்தார்கள்; அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 19 பேர். இந்தக் குழந்தைகள் இக்கரையில் இருக்கும் மையத்துக்குத்தான் வர வேண்டும். மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12, மூட வேண்டிய நாள் ஜனவரி 28. பள்ளிகள் திறப்பதும் எங்கள் ஆற்றில் தண்ணீர் வருவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். தண்ணீர் இல்லாத மாதங்களில் மணலில் இறங்கி நடந்துவிடுகிறார்கள். மற்ற மாதங்களுக்காக, வைகாசியிலேயே தெருவார் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு மூங்கில் வாங்கி, ஒருவர் நடக்கும் அகலத்துக்கு ஒரு பாலம் கட்டுகிறார்கள். கைப்பிடி ஒரு பக்கம்தான், அதுவும் கயிறு. அதை விட்டால் மேற்கே ரெகுலேட்டர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு காலை நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். நான்கு வயதுப் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறு கையால் கயிற்றைப் பிடித்தபடி ஓர் அம்மாள் பாலத்தில் வந்துகொண்டிருந்தார். கீழே செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. குழந்தை உரக்க எண்ணிக்கொண்டே வந்தது: ஒன்று, இரண்டு, மூன்று. கரையேறியதும் என்ன எண்ணுகிறாள் என்று கேட்டேன். "மூங்கில் காலை எண்ணச் சொல்லியிருக்கேன் சார். எண்ணினா தண்ணியப் பார்க்க மாட்டா, பயப்பட மாட்டா," என்றார் அந்த அம்மாள். மொத்தம் இருபத்திரண்டு கால்கள். அடுத்த வாரம் பெய்த மழையில் பாலம் போய்விட்டது. பதினொரு நாட்கள் அந்தத் தெருவின் பிள்ளைகள் ஒருவரும் மையத்துக்கு வரவில்லை. சத்துமாவும் முட்டையும் இக்கரையிலேயே இருந்தன.

அந்தத் தெருப் பெண்கள் ஒரு குறு அங்கன்வாடி கேட்டு மனுக் கொடுத்து நெடுநாள் ஆகிறது. மூன்று வாரங்களுக்கு முன் அவர்களோடு நானும் போனபோது கிடைத்த பதில்: "அந்த இடத்துக்கு மக்கள்தொகையே காட்டவில்லையே, எந்த அடிப்படையில் எழுதுவது?" சொன்னவர்மீது எனக்குக் கோபம் இல்லை, அவர் தம் கையிலிருந்த தாளைப் பார்த்துச் சொன்னார். கைக்குழந்தையோடு அவர் எதிரே நின்றிருந்த பெண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அந்தச் சொல் வாயில் வந்திராது.

அதே வாரத்தில்தான் வரும் கணக்கெடுப்புக்கான பகுதிப் பிரிப்பின் வரைவு ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. வடக்கு எல்லை என்ற இடத்தில் மறுபடியும் 'ஆறு' என்றே எழுதியிருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: எங்கள் வடக்கு எல்லையைத் தாங்கள் இருவரும் ஒரு நாள் சேர்ந்து நடந்து பாருங்கள், படுகைத் தெருவை எங்கள் பேரூராட்சியின் ஒரு கணக்கெடுப்புப் பகுதியில் பெயர் குறித்துச் சேருங்கள். நிர்வாக எல்லைகள் 2025 டிசம்பர் 31ஆம் நாளோடு உறுதிசெய்யப்பட்டுவிட்டன, இனி மாற்ற இயலாது என்று சொல்லிவிட வேண்டாம். எல்லையை மாற்ற நான் கேட்கவில்லை. இருக்கிற எல்லையை, அது இருக்கிற இடத்தில் பார்க்கும்படி கேட்கிறேன்.

இம்முறை எல்லாம் கைபேசிச் செயலி வழியே நடக்கிறது, மக்கள் தாங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம் என்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் பதிந்தவர்களுக்குக் கிடைக்கும் பதிவு எண்ணையும் ஒரு கணக்கெடுப்பாளர் நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தெரு எவருடைய பகுதியிலும் இல்லை என்றால் யார் வருவார்? தாளில் விட்டுப்போனது திரையிலும் விட்டுப்போகும்.

1931க்குப் பிறகு இப்போதுதான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள்; அதைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பை வைத்துத் தொகுதிகளை மறுவரையறை செய்வார்கள், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த தமிழ்நாடு இடங்களை இழக்கும் என்ற கவலை மாநிலம் முழுவதும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அப்படிக் கவலைப்படுகிற ஒரு மாநிலத்தில், கண்ணெதிரே குடியிருக்கும் 238 பேரை ஒரு சொல்லின் குழப்பத்தால் விட்டுவிடுவதை எந்த வகையில் ஏற்பது? எங்கள் ஊரில் ஒன்று என்றால், ஆறுகள் இத்தனை முறை வழி மாறிய இந்த டெல்டாவில் இன்னும் எத்தனை படுகைத் தெருக்கள், எத்தனை திட்டுகள் இரண்டு வரைபடங்களுக்கு நடுவே கிடக்கின்றனவோ என்று நினைக்கும்போது இரவில் தூக்கம் வருவதில்லை. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் அந்தத் தெருவில் ஓடும் கூரையும் பறந்துபோய் மக்கள் கரைமீது உட்கார்ந்திருந்தபோதும், நிவாரணப் பட்டியலுக்காக இக்கரைக்கும் அக்கரைக்கும் அலையவிட்டார்கள். அந்த நாட்களை எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.

கடுமையாக ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் இருவருக்கும் பணிச்சுமை எவ்வளவு என்பது மூன்று முறை அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்த எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒரு முற்பகல் வேலை. நம் மாநிலத்துக்கு ஒதுக்கிய முப்பது நாள் வீட்டுப் பட்டியல் பணி தொடங்குமுன், பகுதிகள் இறுதியாகுமுன், ஒரு முறை வாருங்கள். வடக்கு எல்லை என்ற இடத்தில் 'ஆறு' என்பதை அடித்துவிட்டுப் 'பழைய ஆறு' என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் போதும்.

வருகிற நாளை முன்கூட்டித் தெரிவித்தால் கிராம வரைபடத்தின் நகலோடும் நான் எழுதிய நோட்டோடும் காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் அருகே காத்திருப்பேன். ஆற்றில் தண்ணீர் வருமுன் வந்தால் மணலில் நடந்தே அக்கரை போகலாம். அதன்பின் வந்தாலும் மூங்கில் பாலம் இருக்கும். சர்வே கற்கள் மூன்றையும் நானே கூட வந்து காட்டுகிறேன்.

பணிவுடன்,
2011இல் ஆற்றங்கரையோடு திரும்பிவிட்ட கணக்கெடுப்பாளர்