அந்த வெள்ளைத்தாள் எங்களுக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண்களின் இரவு வேலைக்கான வரைவு விதிகள் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். அதில், ‘எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம் என்பதால் பெண்கள் அஞ்சத் தேவையில்லை’ என்று ஒரு வரி. எழுதியவர் எங்கள் எம்.சி. ரோடு பக்கம் துணி எடுக்கக்கூட வந்ததில்லை போலிருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் 16 வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிற்கிறேன்தான். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டம் வந்தபோது நீங்களும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். எங்கள் மாடிக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. சூப்பர்வைசர் அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைத்தார். இன்றுவரை பைதான் உட்கார்ந்திருக்கிறது.

சரி, சம்மதத்துக்கு வருகிறேன். இது புதுசா என்ன? கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்ற 2019 அரசாணையிலேயே, இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், வண்டி வேண்டும் என்றெல்லாம் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள் சுற்றி வந்தது. “சும்மா ஒரு கையெழுத்தும்மா.” போடமாட்டேன் என்ற பெண் மறுநாளே குடோனில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் போட்டோம். வண்டி வரவில்லை. ராத்திரி 11 மணிக்குக் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்ற ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர் இடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம்.

யாரிடம் சொல்வது? 2013 சட்டப்படி பாலியல் புகாருக்கு உள் குழு வேண்டும், அதன் தலைவர் அங்கே வேலை செய்யும் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். எங்கள் கடைப் பலகையில் தலைவர், முதலாளியின் சம்சாரம். கழிப்பறைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் என்று குறித்து வைப்பவரும் அவர்தான். 1918-லேயே தொழிற்சங்கம் கண்ட பெரம்பூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். பெருமைதான். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. ‘பொதுமக்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம்’ என்று முடித்தீர்களே, எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் என்று போட இடமில்லையா? அதே இதழில் எங்கள் கடைக்கு முழுப் பக்க விளம்பரம் இருந்தது. இரவு வேலை சம்பந்தப்பட்ட விதிகளை மட்டுமாவது தமிழில், கால் பக்கத்தில், முகவரியோடு போடுங்கள். எழுத ஒன்பது பேர் இருக்கிறோம். கெடு முடிவதற்குள் போட்டால் உபகாரம்.

பெயர் வேண்டாம், வேலை வேண்டும்.

- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை