குணா, அந்த பாட்டில தொறக்கல

டேய் குணா,

தைப்பூசத்துக்கு அப்புறம் ஒரு வரி எழுதல, தெரியும், திட்டாத. இங்க மழை, ஆயர் ஈத்தாம் ரோட்டு ஜாம் அப்படியேதான் இருக்கு, பெரியவனுக்கு ஈப்போல வேலை கெடச்சிருச்சு. அவ்ளோதான்.

அம்மாவுக்கு அல்சைமர்னு சொல்லிட்டாங்கடா, போன மாசம். டாக்டர் பேப்பர குடுத்து கடிகாரம் வரைங்க, பதினொன்னு பத்து வைங்கன்னாரு. அம்மா வட்டத்த அழகா போட்டாங்க, நம்பர் எல்லாத்தையும் ஒரே பக்கமா அடுக்கிட்டு "முள்ளு எங்கப்பா"ன்னு என்னைய கேட்டாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

மறுநாளே உன் பார்சல். மலர்தான் உங்கிட்ட சொல்லிருப்பா. கிரீன் டீ மாத்திரை, மூணு பாட்டில்! நீ முன்ன மருந்துன்னு தலைல கட்டுன நோனி ஜூஸ் கதைய நானும் மறக்கல, சண்முகம் மாமாவும் மறக்கல. ஆனா இந்த தடவ நீ முழுசா புளுகலடா, அதான் மூணு ராத்திரி உக்காந்து படிச்சேன்.

அதுல இஜிசிஜின்னு (EGCG) டீ இலைல இருக்குற ஒரு சரக்கு இருக்கு. இந்த நோய்ல மூளைக்குள்ள டாவுன்னு ஒரு புரதம் நூல் சிக்குன மாதிரி முறுக்கிக்குமாம். 2022ல லாஸ் ஏஞ்சலஸ்ல, யுசிஎல்ஏ யுனிவர்சிட்டில ஐசன்பெர்க்னு ஒருத்தரோட குழு, செத்துப்போன நோயாளிங்க மூளைல இருந்து எடுத்த அந்த சிக்குல இஜிசிஜிய சேத்துப் பாத்திருக்காங்க, அது இடுக்குல புகுந்து சிக்க பிரிச்சு விட்டுருச்சு. படிச்சதும் எனக்கே கை நடுங்குச்சு, அடுத்த வரி என்னடான்னா, இது மூளைக்குள்ள சரியா போறதே இல்லையாம், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பு விடாது. அதனால அவங்களே இத மாதிரி வேற மருந்து தேடுறாங்க. ஜப்பான்ல 2006ல 70 வயசு தாண்டுன ஆயிரம் பேர பாத்ததுல, நாளைக்கு ரெண்டு கப்போ அதுக்கு மேலயோ கிரீன் டீ குடிச்சவங்களுக்கு மறதி பிரச்சனை கொறச்சல்தான், சரி, ஆனா தெம்பா நடந்து போயி நாலு பேரோட டீ குடிக்கிற கெழவிக்கு மூளையும் நல்லாதானே இருக்கும்? எது எதுக்குக் காரணம்?

இன்னொன்னு, ஐரோப்பால உணவு பாதுகாப்பு பாக்குறவங்க 2018லயே சொல்லிட்டாங்க, மாத்திரையா இஜிசிஜி ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் போனா ஈரல் பாதிக்கலாம்னு. உன் பாட்டில்ல ஒண்ணுக்கு 400, ரெண்டு வேளைன்னு போட்டிருக்கு, கணக்க நீயே போடு. எண்பது வயசு ஈரல்டா! ஒண்ணும் தொறக்கல.

டீயா குடுத்தா கெடுதல் இல்லன்னு டாக்டர் சொன்னாரு. இரும்பு மாத்திரையோட மட்டும் சேத்துக் குடிக்கக் கூடாது, இரும்பு ஒட்டாது, அதனால ரெண்டு மணி நேரம் தள்ளி. சாயங்காலம் ஒரு டம்ளர் கலக்கிக் குடுத்தேன். மோந்து பாத்துட்டு "என்னப்பா, வாடப் போடாத கொழுந்த ஊத்திருக்க"ன்னாங்க!

கல்யாணம் வரைக்கும் கேமரன் மலைல கொழுந்து பறிச்சவங்களாச்சே. அதான்டா விஷயமே, கருப்பு டீயும் இதும் ஒரே செடி, வாட வெச்சு நசுக்கி காத்துல கருக்க விட்டா இஜிசிஜி வேறயா மாறிப்போகும், பறிச்ச உடனே சூடு காட்டி நிறுத்துனாதான் பச்சையா தங்கும். நான் மூணு ராத்திரி படிச்சத அவங்க ஒரு மோப்பத்துல சொல்லிட்டாங்க. அப்புறம் அரை மணி நேரம் பேச்சு, பனி, அட்டைப்பூச்சி, கூடை நிறுக்கும்போது கங்காணி அடிக்கிற கிலோ. மறுநாள் காலைல என்னைய பெரிய மாமான்னு கூப்பிட்டாங்க.

இப்ப தெனமும் நாலு மணிக்கு ஒரு டம்ளர். மூளைக்குப் போகுதோ இல்லையோ, பேசுறாங்க.

அடுத்த லீவுல வந்து உன் பாட்டில எடுத்துட்டுப் போ. உன் பேரு வரல அவங்களுக்கு, ஆனா நேத்து "அந்த நோனிப் பய வரலையா"ன்னு கேட்டாங்க.

செல்வம்