சாந்தாவுக்கு, நியூயார்க்கிலிருந்து

அன்புள்ள சாந்தா,

இத்தனை நாள் கடிதம் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு. பேத்திக்குப் பள்ளி திறந்தாயிற்று, என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாப்பிள்ளைக்கு என் ரசம் இன்னும் புளிக்கிறது. ஊர்ச்செய்தி முடிந்தது.

இங்கே பதினாறாவது தெருவில் யூத வரலாற்று மையம் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் ஐந்து நிறுவனங்கள். அதில் ஒன்று யீவோ. 1925இல் தொடங்கி வில்னாவில், அதாவது இன்றைய லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழிக்காக நடந்த ஆய்வு நிறுவனம். போர் வந்ததும் 1940இல் நியூயார்க் தலைமையகமானது. சொற்பொழிவு, கச்சேரி, நூல் அறிமுகம் என்று ஏதாவது நடந்தபடியே இருக்கும். யாரும் போகலாம். பலவற்றுக்குக் காசு கிடையாது (சிரிக்காதே). கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, கேள்வி கேட்காமல் தானே ஒரு சொற்பொழிவை ஆரம்பித்துவிடுகிறார். நம் திருவேங்கடம் சார் இங்கே குடியேறிவிட்டாரோ என்று பார்த்தேன்!

அங்கே கேட்ட ஒன்றுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நாஜிகள் வில்னாவைப் பிடித்ததும் யூதர்களின் நூல்களை மொத்தமாக அழிக்கவில்லை. ஒரு பகுதியை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு மீதியைக் காகித ஆலைக்குப் போடுவது திட்டம். எதை வைப்பது, எதைக் கூழாக்குவது என்று பிரித்துக்கொடுக்க, யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ என்ற பகுதியிலிருந்தே படித்தவர்களைப் பிடித்து வந்தார்கள். கவிஞர்கள் சுட்ஸ்கேவரும் கச்செர்கின்ஸ்கியும் அதில் இருந்தார்கள். மாலையில் திரும்பும்போது உடைக்குள் ஏடுகளைச் செருகிக்கொண்டு காவலைக் கடப்பார்கள். பிடிபட்டால் உயிர் போகும். சுட்ஸ்கேவர் பலே ஆள். அடுப்பெரிக்கக் கழிவுக் காகிதம் வேண்டும் என்று ஜெர்மன் அதிகாரியிடமே அனுமதிச்சீட்டு வாங்கிவிட்டார். டால்ஸ்டாயின் கடிதம், யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட ஹெர்ஸலின் நாட்குறிப்பு எல்லாம் அப்படித்தான் தப்பின.

கெட்டோக்காரர்களே இவர்களைப் பைத்தியம் என்றார்களாம். எல்லோரும் உடைக்குள் சாப்பாட்டுச் சாமான் கடத்தும்போது இதுகள் காகிதம் கடத்துகின்றன என்று. நானாயிருந்தால் உருளைக்கிழங்குதான் கடத்தியிருப்பேன், சாந்தா. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. காகிதம் கடத்தியவர்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அந்த இரு கவிஞர்களும் காட்டுக்குத் தப்பி, 1944இல் திரும்பி வந்து, ஒளித்துவைத்ததைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு சோவியத் ஆட்சியும் அதை விட்டுவைப்பதாக இல்லை. அந்தானாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர் ஒரு பழைய தேவாலயத்தில் ஒளித்துக் காப்பாற்றினார். 2017இல்கூட லிதுவேனியாவில் இன்னும் ஒரு பெருங்குவியல் கிடைத்ததாக அறிவித்தார்கள்.

டால்ஸ்டாய் பெயர் வந்ததும் அரங்கமே உச்சுக்கொட்டியது. எனக்கு அதைவிட வேறொன்றுதான் பிடித்தது. 1932, 1934, 1939 ஆண்டுகளில் யீவோ இளைஞர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டி வைத்தது. புனைபெயரில் எழுதலாம், சின்ன விஷயம் என்று எதையும் விடவேண்டாம் என்றார்களாம். 600க்கும் மேல் வந்து குவிந்தன. அப்பாவோடு சண்டை, காதல், கட்சி, கிழிந்த செருப்பு எல்லாம். எழுதியவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால் ரசம் பொங்கி வழிகிறது, மாப்பிள்ளை முறைக்கிறார்.

இப்போது உன் விஷயம். வீட்டைக் காலி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். உன் அப்பாவின் டைரிகளையும் கடைக் கணக்கு நோட்டுகளையும் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடப்போகிறாயா? “பால் ஒண்ணேகால் ரூபாய், பரமசிவம் பாக்கி” என்றுதான் பக்கம் முழுக்க இருக்கும், தெரியும். இருக்கட்டும். ஒரு டிரங்குப்பெட்டியில் வேப்பிலை போட்டு உன் தம்பி வீட்டுப் பரணில் ஏற்றிவிடு. அவன் மனைவி முணுமுணுத்தால் என் பெயரைச் சொல். ஜனவரியில் வரும்போது நான் உட்கார்ந்து பிரிக்கிறேன். பரமசிவம் பாக்கியைக் கொடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
கோமதி