கும்பிடக் கை தூக்கும்போது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியலில் இருக்கும் பெண்கள் பொது இடத்துக்கு எப்படி உடுத்திப் போகவேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே படித்தேன். நிறப் பொருத்தம், கம்மல், கைப்பை எல்லாம் இருந்தது. ஜாக்கெட்டின் கையைப் பற்றி ஒரு வரி இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம் இருபது வருசமாகத் தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எங்கள் தெரு மதினி ஒருவர் ஒன்றிய வார்டுக்கு நின்றார். மனுத்தாக்கல் முடிந்த கையோடு மூன்று ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து போட்டு, "நல்லா சிக்குன்னு இருக்கணும்ளா, போட்டோல்லாம் எடுப்பாக" என்றார். நானும் அப்படியே தைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள், திறந்த ஜீப்பில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டதில் வலது அக்குளில் தையல் விட்டுவிட்டது. முந்தியை இழுத்து மூடி, கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே மீதி நாலு தெருவையும் முடித்திருக்கிறார். சாயங்காலம் டீக்கடையில் பேச்சு: "இப்பமே கை தூக்கிக் கும்பிட வலிக்கு, ஜெயிச்சா நம்மளத் திரும்பிப் பாப்பாளா?" அரை இஞ்சு துணி விடாமல் தைத்தது நான். பேச்சு வாங்கியது மதினி.

அதற்குப் பிறகு பொதுக்காரியத்துக்குப் போகிறவர்களுக்குக் கையைத் தொங்கவிட்டு ஒரு தரம், தலைக்கு மேலே தூக்கச் சொல்லி ஒரு தரம் அளவெடுக்கிறேன். அக்குளில் சின்னதாக ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கை தாராளமாகப் போகும், வெளியே தெரியாது. வெளிர் நீலமும் சாம்பலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன், வேர்வையை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஆரத்தித் தண்ணீர் தெறித்தாலும் வெளிர் சேலை அத்தோடு சரி.

ஓட்டுக் கேட்டு நடக்க நூல் சேலைதான். வழுக்குகிற சேலையைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினால் கொசுவம் கையோடு வந்துவிடும். மேடைக்கு வேண்டுமானால் நம் வீரவநல்லூர் செடிபுட்டா கட்டலாம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைத்தறி அது. பட்டுக்கு எங்கெங்கோ போகிறவர்கள் பக்கத்து ஊர்த் தறியை எட்டிப் பார்ப்பதில்லை என்பது என்னுடைய பழைய ஆதங்கம்.

பை விஷயம் ஒன்று. ஆண்களுக்குச் சட்டைப்பை இருக்கிறது, போனும் பேனாவும் அதில் போய்விடும். மதினியிடம் ஒருவர் மனுவை நீட்டினால் ஒரு கையில் மைக், ஒரு கையில் போன், எதில் வாங்குவது? எங்கள் ஆச்சிமார் இடுப்பில் சுருக்குப்பை செருகியிருந்தார்கள். நான் இப்போது உள்பாவாடையில் வலது பக்கம் பை வைத்துத் தைக்கிறேன். போனும் மடித்த நாலு மனுவும் கொள்ளும்.

வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியுமாக ஒரு ஆள் பத்து வருசம் வந்தாலும் யாரும் எண்ணமாட்டார்கள். எம்.ஜி.ஆரின் தொப்பியும் கலைஞரின் மஞ்சள் துண்டும் அடையாளமாயின. ஜெயலலிதா தோளைச் சுற்றி ஒரு கேப் போட்டதை ஊரே உட்கார்ந்து ஆராய்ந்தது. மதினிக்கும் அதே கதைதான். ஒரே சேலையில் இரண்டு கூட்டத்துக்குப் போனால் "வேற சேல இல்லியோ", புதுசு கட்டினால் "அதுக்குள்ள துட்டு பாத்துட்டா". உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று நம் மாநிலத்தில் 2016-லேயே சட்டம் வந்தாயிற்று. பார்க்கிற கண் இன்னும் அதற்குப் பழகவில்லை.

கடைசியாக உங்கள் படக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடைக்குக் கீழே குத்தவைத்து, அண்ணாந்து எடுக்கிற படத்தில் எவ்வளவு நறுவிசாகக் கட்டிய சேலையும் கோணலாகத்தான் தெரியும். கொஞ்சம் எழுந்து நின்று எடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் நடத்துகிறவர்கள் மேடை மேஜைக்குத் தரைவரை விரிப்புப் போட்டாலும் உபகாரம். மதினி ஜெயித்த பிறகு கலந்துகொண்ட முதல் விழாவில் அது இல்லாமல், ஒன்றரை மணி நேரம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து மரத்துப்போச்சு என்றார்.

இப்படிக்கு,
ஒரு தையல்கார வாசகி,
சேரன்மகாதேவி வட்டம்