ஏழாம் நம்பர் செருப்பு

தருமபுரி,
ஜூன் 14

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல்தான் காரணம், வேறு பெரிய சாக்கு ஒன்றும் இல்லை. இங்கே நாலு நாள் தூறிவிட்டு மழை ஏமாற்றிவிட்டது. உன் மாமியாருக்கு முட்டிவலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவள் லேப்டாப்பில் ஒரு படம் போட்டாள். ‘இன் ஹர் ஷூஸ்’, 2005இல் வந்த ஹாலிவுட் படம். பழைய படம் என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. களி கிண்ட உலை வைத்ததையே மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

அக்கா, தங்கை கதை. அக்காவாக டோனி கொலெட், பிலடெல்பியாவில் வக்கீல். தங்கை கேமரன் டயஸ், எந்த வேலையிலும் நிலைக்காதவள், எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவள். அக்காவின் அலமாரி நிறைய விலை உயர்ந்த செருப்புகள். அவள் அவற்றைப் போடுவதே இல்லை, எடுத்துப் போடுவது தங்கைதான். துணி எடுத்தால் தனக்கு நன்றாக இருப்பதில்லை, சாப்பிட்டால் குண்டாகிறது, செருப்பு மட்டும்தான் எப்போதும் பொருந்துகிறது என்கிறாள் அக்கா. சிரித்துவிட்டேன். அப்புறம் நம் ஆண்டு விழா ஞாபகம் வந்தது. என் அக்காவின் புது ஹீல்ஸைச் சொல்லாமல் போட்டு வந்து, மேடைப் படியில் வார் அறுந்து, நீதானே ஊக்கு குத்திக் கொடுத்தாய்! பஸ் ஸ்டாண்டு பக்கம் தைக்கிறவரிடம் ஒட்டி வாங்கி, பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

படத்தில் தங்கை செருப்போடு நிற்கவில்லை, அக்காவின் ஆள் வரைக்கும் போய்விடுகிறாள். அக்கா வெளியே தள்ளுகிறாள். போக்கிடம் இல்லாமல் அப்பா வீட்டு மேஜையைப் பணத்துக்காகக் குடையும்போது, செத்துப்போன அம்மாவின் அம்மா பேத்திகளுக்குப் போட்ட வாழ்த்து அட்டைகள் கட்டாகக் கிடைக்கின்றன. அப்பா கொடுக்காமலே ஒளித்து வைத்தவை. அதைப் பிடித்துக்கொண்டு ப்ளோரிடாவுக்கு அந்த ஆயாவைத் தேடிப் போகிறாள். ஆயாவாக ஷெர்லி மெக்லைன். படம் களைகட்டுவது அங்கேதான். கிழடுகள் எல்லாம் என்ன போடு போடுகிறார்கள்! கண் தெரியாத ஒரு பேராசிரியர் தனக்குக் கவிதை படித்துக் காட்டச் சொல்லியே அவளுக்குப் படிப்பைப் பழக்குகிறார். அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறார். எனக்குப் பிடித்த இடம் அதுதான். கடைசியில் கல்யாணம், கவிதை, கண்ணீர் என்று கொஞ்சம் சர்க்கரை தூக்கல். போகட்டும்.

என்னைத் தூங்கவிடாதது வேறு. அம்மா மனநோயால் பட்ட பாட்டை அக்கா சின்ன வயதிலேயே அறிந்து, தங்கைக்குத் தெரியாமல் மறைத்து வளர்த்திருக்கிறாள். தங்கை சந்தோஷமாக நினைத்துக்கொண்டிருந்த காலத்துக்கு அக்காவிடம் வேறு கணக்கு இருக்கிறது.

நான் ஆறாவது முடித்த கோடை உனக்கு ஞாபகம் இருக்கும். காவேரிப்பட்டணத்தில் ஆயா வீட்டில் ஒரு மாதம். தென்பெண்ணையில் குளியல், உப்பு மிளகாய்த்தூள் தொட்டு மாங்காய். பள்ளிக்கூடம் திறந்ததும் உன்னிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். திங்கட்கிழமை அக்காவுக்குப் போன் போட்டு, “எதுக்கு நம்மளை மட்டும் அங்க அனுப்பினாங்க?” என்று சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அப்பா சீட்டுப் பணத்துல மாட்டிக்கிட்டாரு. தினம் வாசல்ல ஆளுங்க. உனக்கு இப்பத்தான் தெரியுமா?” என்றாள். அந்த மாதம் அவள் மாங்காயைத் தொடவே இல்லையாம். நான் அதையும் பார்க்கவில்லை, அவள் பங்கையும் சேர்த்துத் தின்றிருக்கிறேன்.

அவள் கிருஷ்ணகிரிக்கு வாக்கப்பட்டபோது அதுவும் நம் மாவட்டம்தான். 2004இல் தனி மாவட்டமானதிலிருந்து “உங்க மாவட்டத்துல மழை உண்டா?” என்று கிண்டல் செய்வாள். நடுவில் வீட்டுப் பத்திர விஷயத்தில் மனஸ்தாபமாகி நாங்கள் பேசாமல் இருந்த இரண்டு வருஷமும் உனக்குத் தெரியும். அப்போதுகூட, உன்னைக் காப்பாற்றினேன் பார் என்று அவள் சொல்லிக்காட்டவில்லை. நான்தான் நிறையப் பேசினேன்.

செருப்பு விஷயத்தையும் கேட்டுவிட்டேன். “ஒட்டினவன் இடது வாரை மாத்தி ஒட்டியிருந்தான்டி” என்றாள்.

சரி, மாங்காய்க்கு வருகிறேன். அக்கா தோட்டத்துச் செந்தூரா ஒரு பெட்டி வந்திருக்கிறது, பாதி உனக்கு. வெள்ளிக்கிழமை சேலம் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், உன் தம்பியை ஸ்டாண்டுக்கு அனுப்பி வை. வைக்கோலில் பரப்பு, இரண்டு நாளில் பழுத்துவிடும். அடுத்த ஞாயிறு அக்கா இங்கே வருகிறாள். கடைவீதிக்குக் கூட்டிப்போய் ஏழாம் நம்பரில் ஒரு ஜோடி எடுக்கலாம் என்றிருக்கிறேன். எனக்கும் ஏழுதான்.

அன்புடன்,
மஞ்சு