சித்தப்பாவின் பேஜ்மேக்கரும் உன் வீட்டு டியூஷனும்

சென்னை
8.2.2026

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது. மகளுக்குப் பரீட்சை, வீட்டில் வெள்ளையடிப்பு, நடுவில் கும்பகோணம் போய் வந்தது என்று பதில் தள்ளிக்கொண்டே போய்விட்டது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய். மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடு.

கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒன்று கேட்டிருந்தாயே, "தங்கச்சி டியூஷன் எடுக்கிற கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது, என்ன மாற்றலாம்?" என்று. அதற்குத்தான் இந்தக் கடிதத்தில் பாதி. இதே கேள்வியோடு மார்கழி முழுக்கச் சித்தப்பா என்னைப் படுத்தி எடுத்தார். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்குச் செய்ததை அப்படியே உன் வீட்டிலும் செய்துவிடக் கூடாது.

சித்தப்பாவை உனக்கு நினைவிருக்கும். நம் பள்ளி ஆண்டு விழா நோட்டீஸை அடித்துக் கொடுத்தவர். அச்சகத்தை விற்றுவிட்டார், ஆனால் தொழிலை விடவில்லை. சிவகாசியிலிருந்து கல்யாணப் பத்திரிகை அட்டை வருகிறது, இவர் வீட்டில் உட்கார்ந்து மேட்டரைக் கோத்துக் கொடுக்கிறார், தெரிந்த பிரஸ்ஸில் அடித்துக்கொள்கிறார்கள். எல்லாம் பேஜ்மேக்கர் 7. அது 2001-இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள், அடோபி அதைக் கைவிட்டே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யூனிகோடெல்லாம் அதற்குத் தெரியாது. பழைய எழுத்துருக்கள், பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை அமைப்பு. அவர் விரல் அதில் பறக்கும். அடோபியின் புதிய வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனுக்கு மாறச் சொல்லி நானும் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். 2000 வாக்கில் அவர் பத்திரிகை போட்ட தம்பதிகள் இப்போது மகளுக்குப் பத்திரிகை போட வருகிறார்கள், இவர் பழைய ஃபைலைத் திறந்து குலதெய்வத்தின் பெயரையும் தாத்தா பாட்டி பெயர்களையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். இதற்கு மேல் என்ன சொல்லி வாதாடுவது?

கம்ப்யூட்டர் 2014-இல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ3-4130 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, தற்காலிக நினைவகமான ரேம் 4 ஜிபி, ஃபைல்களெல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. ஆன் செய்தால் வேலைக்கு வர நாலைந்து நிமிஷம். அதற்குப் பிறகும் ஒரு ஃபைலைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஊரில் ஒரு கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, போர்டு, ப்ராசஸர், ரேம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், 25 ஆயிரம் ஆகும் என்றிருக்கிறார். சித்தப்பா போனில், "சிபியு செத்துடுச்சாம்டா" என்றார். துக்க வீட்டுக் குரல்.

போய் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்ன பாகம் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது அதுதான், செல்வம். எந்த இடத்தில் அவர் கை நின்று காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமான வேலையைச் செய்யச் சொன்னேன். ப்ராசஸர் பத்து, பதினைந்து சதவீதத்தில் சும்மா கிடக்கிறது. டிஸ்க் மட்டும் நூறில் நிற்கிறது, இறங்கவே இல்லை. ரேமும் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. கடைக்காரர் மாற்றச் சொன்ன ப்ராசஸருக்கு அங்கே வேலையே இல்லை!

ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படித் திணறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார். உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது, ஒரு முள் அதைப் படிக்கிறது. நிமிஷத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. கேட்ட இடம் முள்ளுக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லி விநாடி. முள் தடம் மாறி நகர இன்னொரு 9. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் நொடிக்கு எண்பது தடவைகூடத் தேறாது. விண்டோஸ் எழும்போது அப்டேட், வைரஸ் பாதுகாப்பு, தேடல் பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் அந்த ஒரு முள்ளைத்தான் இழுக்கின்றன. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. நொடிக்குப் பல ஆயிரம் தடவை படிக்கும். ரேம் பற்றாமல் போனால் விண்டோஸ் மீதியை டிஸ்கிலேயே எழுதி எழுதி எடுக்கும். ஐந்து இலை போட்ட பந்தியில் இருபது பேரை உட்கார வைத்த கதை. அதனால் அவருக்கு எஸ்எஸ்டி, ரேம், அந்த வரிசை.

இதற்கு மார்கழி வாகான மாதம். முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வேலை கிடையாது, இரண்டு நாள் மெஷின் படுத்தாலும் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். நாம் ரேடியோ செட் செய்ய டிரான்சிஸ்டர் வாங்கப் போன அதே சந்துதான், கூட்டம் மட்டும் பத்து மடங்கு. சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடம் அந்த போர்டில் இல்லை, ஆகவே ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிளில் இணைக்கும் 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி வாங்கினேன். பெயர் தெரியாத கம்பெனிகளின் டிஸ்க் பாதி விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் இருபத்தைந்து வருஷத்துப் பத்திரிகைகளை அதில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். இந்த 500 ஜிபி டிஸ்கில் மொத்தம் எழுதலாம் என்று கம்பெனி கொடுக்கும் அளவு 300 டிபி, அதாவது மூன்று லட்சம் ஜிபி. தினம் 20 ஜிபி எழுதினாலும் நாற்பது வருஷம் வரும். அவர் தினம் 2 ஜிபி எழுதினால் பெரிது.

480 ஜிபி என்று போட்ட டிஸ்க்குகளும் இருந்தன, கொஞ்சம் மலிவு. அதைத் தொடவில்லை. பழைய 500 ஜிபி டிஸ்கை அப்படியே நகல் எடுக்கப் புதியது அதே அளவோ அதற்கு மேலோ இருந்தால் வேலை சுலபம். புதிதாக விண்டோஸ் போடுவதுதான் சுத்தம் என்று எல்லாரும் சொல்வார்கள். வேறு யாருக்காவது என்றால் நானும் அதையே சொல்வேன். சித்தப்பாவுக்கு அந்த எழுத்துருக்கள், விசைப்பலகை நிரல், பேஜ்மேக்கர், பிரிண்டர் என்று ஒவ்வொன்றும் பழைய இடத்தில் பழைய மாதிரியே இருந்தாக வேண்டும். சில எழுத்துருக்களின் சிடியே இப்போது இல்லை. அதனால் டிஸ்கை நகலெடுக்கும் குளோன்ஜில்லா நிரலை பென் டிரைவில் போட்டு முழு நகல்.

அதற்கு முன்னால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலால் பழைய டிஸ்கைச் சோதித்தேன். மஞ்சள் காட்டியது. கெட்டுப்போன செக்டார்களை, அதாவது டிஸ்கின் சின்னச் சின்னத் துண்டுகளை, அந்த டிஸ்க் ஏற்கெனவே வேறு இடத்துக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டது. வேகத்தை விடு, இன்னும் சில மாதத்தில் மொத்தமும் போயிருக்கலாம். மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் பேஜ்மேக்கரின் பிஎம்டி, பி65 ஃபைல்கள் அத்தனையையும் வெளி டிஸ்கில் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.

ரேம் விஷயம் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டும். அந்த போர்டுக்கு டிடிஆர்3 வகை ரேம். டிடிஆர்4 வாங்கினால் வெட்டு இருக்கும் இடமே வேறு, உள்ளே போகாது. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் சில டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி கம்பெனி ப்ராசஸருக்கான போர்டுகளில் மட்டும்தான் வேலை செய்யும், அதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் பழைய ரேமைக் கையோடு கொண்டுபோய் அதே 4 ஜிபி, அதே 1600 வேகத்தில் பழையது ஒன்று வாங்கி, கடையிலேயே சோதித்துப் பார்த்தேன். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் இரட்டைத் தடத்தில் ஓடும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அது கூடுதல் லாபம். புது ரேம் விலையைக் கேட்காதே. மெமரி எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போகிறது. குரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் விற்றுவந்த மைக்ரான் அந்த வியாபாரத்தையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது.

மூடியைத் திறந்தபோது உள்ளே பஞ்சு மெத்தை மாதிரி தூசி. ஊதித் தள்ளிவிட்டு ப்ராசஸருக்குச் சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவினேன். போர்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினேன். அது தீர்ந்துபோனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும், பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாமல் எச்சரிக்கை காட்டும். "நெட் சரியில்ல" என்று அவர் மாதக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். யுபிஎஸ் பேட்டரியும் செத்திருந்தது, மாற்றிவிட்டேன். கரண்ட் பட்டென்று போகும் ஊரில் எந்த டிஸ்கையும் யுபிஎஸ் இல்லாமல் விடக் கூடாது.

எச்81 போர்டில் நாலு சாட்டா இணைப்பு உண்டு, அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட் வேகம். எஸ்எஸ்டியை அதில் ஒன்றில் செருக வேண்டும். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். அரை நிமிஷத்துக்குள் பேஜ்மேக்கர் திறந்து நின்றது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய பத்திரிகையைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். பிறகு சித்தியைக் கூப்பிட்டு எனக்கு டிகிரி காபி போடச் சொன்னார். மொத்தச் செலவு, கடைக்காரர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது தை முகூர்த்த வேலை முடிந்து மாசிக்குக் கோத்துக்கொண்டிருக்கிறார்.

விண்டோஸ் ஒன்றுதான் இடிக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு போன அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இது நாலாம் தலைமுறை. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்க ஒரு திட்டம் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்தால் காசில்லாமலே கிடைக்கிறது. அதில் சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு வெறும் பேஜ்மேக்கர் மெஷினாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். வாட்ஸ்அப்பில் வரும் போட்டோக்களைப் போனிலிருந்து கேபிளில் ஏற்றிக்கொள்ளட்டும். இன்னும் அவரிடம் இதைச் சொல்லவில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். நீ அனுப்பிய பில்லில் பென்டியம் ஜி4400 ப்ராசஸர், எச்110 போர்டு, 4 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி என்று இருக்கிறது. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருப்பதால் சித்தப்பாவின் மருந்து இங்கே வேலை செய்யாது. தங்கச்சி கூகுள் மீட்டில் பாடம் நடத்தும்போது குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்கிறாய், பையன் நெட்டைக் குறை சொல்கிறான். அதே வைஃபையில் போனிலிருந்து மீட்டில் சேர்ந்து பாருங்கள். போனில் சரியாகக் கேட்டால் குற்றவாளி நெட் இல்லை. அந்தப் பென்டியத்தில் இரண்டே கோர், இரண்டே த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலைதான் ஓடும். வீடியோவும் ஓடி, பாடப் புத்தக பிடிஎஃப்பும் பத்து டேப்பும் திறந்திருந்தால் மூச்சு முட்டும். டாஸ்க் மேனேஜரில் இந்த முறை ப்ராசஸரே நூறில் நிற்கும் என்று நினைக்கிறேன். நின்றால், சித்தப்பா வீட்டில் வேண்டாம் என்று சொன்னதையே உனக்கு வாங்கச் சொல்வேன்: பழைய ஐ5-6500 ஒன்று. நாலு கோர், ப்ராசஸர் உட்காரும் அதே சாக்கெட், கூட ஒரு ரேம். ஐ5-7500 கிடைத்தால் அதற்கு முதலில் போர்டின் அடிப்படை நிரலான பயாஸை அப்டேட் செய்ய வேண்டியிருக்கலாம், அந்தத் தலைவலி வேண்டாம். "ஐ5-8400 இருக்கு சார், இதுவும் 1151 சாக்கெட்தான்" என்று யாராவது காட்டினால் வாங்கிவிடாதே. சாக்கெட் பெயர் ஒன்றுதான், ஆனால் எச்110 போர்டில் அது ஓடாது.

இதுவும் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத மெஷின்தான். ஆனால் தங்கச்சி செய்வதெல்லாம் பிரவுசருக்குள்ளேயே, பேஜ்மேக்கர் பிடிவாதம் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தைப் போட்டால் 2029 வரை அப்டேட் வரும், தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் டைப் செய்யவும் வசதி உண்டு. பிரிண்டர் மட்டும் அதில் வேலை செய்கிறதா என்று பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். பையனிடம் விடு, அவனுக்கு ஒரு மாலை நேர வேலை. ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதே.

நான் அடுத்த வாரம் ரிச்சி தெருவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்குள் மூடியைத் திறந்து போர்டில் அச்சடித்திருக்கும் பெயரையும் ரேமில் ஒட்டியிருக்கும் சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பு. எச்110 போர்டில் சிலது டிடிஆர்3, சிலது டிடிஆர்4, பில்லில் அதைப் போடவில்லை. கூடவே மீட் ஓடும்போது டாஸ்க் மேனேஜர் எப்படி இருக்கிறது என்று ஒரு படம். அது வந்த பிறகுதான் காசை எடுப்பேன்.

தங்கச்சிக்கும் பையனுக்கும் என் அன்பு.

அன்புடன்,
ராகவன்