ஆய்வு முடிந்தது, நன்றி பாக்கி இருக்கிறது

நாச்சியார்கோயில், திருவிடைமருதூர், வலங்கைமான், குடவாசல் பக்கத்து உறவுகளுக்கு,

வணக்கம். தொழிற்பயிற்சி முடித்த மாற்றுத்திறனாளிகள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டுக்கொண்டு உங்கள் தெருக்களில் அலைந்தோமே, அந்த ஆய்வு முடிந்துவிட்டது. அறிக்கையையும் ஒப்படைத்தாயிற்று. அதன் முன்பக்கத்தில் நன்றியுரை அரைப் பக்கம் இருக்கிறது. பதிவாளர், துறைத் தலைவர் என்று பதவி வரிசைப்படி எல்லோரும் வந்துவிட்டார்கள். வழி காட்டியவர்களுக்கும் வண்டி கொடுத்தவர்களுக்கும் அதில் இடமில்லாமல் போயிற்று. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் பணம். இது ஒன்றிய அரசின் ஆய்வு நிதியில் நடந்த வேலை. அதாவது, நீங்களும் நானும் கட்டிய வரிப்பணம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 19ஆவது பிரிவு தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசுகிறது. மறுவாழ்வு குறித்த ஆராய்ச்சிக்கு அரசே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. முதலாவதன் பேரில் நடக்கும் முகாம்கள் நம் கண்ணில் படுகின்றன. இரண்டாவதன் பேரில் யாராவது வந்து கதவைத் தட்டியதுண்டா என்று குடவாசல் பக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சிக்கென்றே 1978இல் ஒரு தேசிய நிறுவனம் தொடங்கினார்கள். பெயர் மாறி, துறை மாறி, அது இன்னும் இருக்கிறது. இங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கினோம், நன்றி.

வாங்கிய பணத்தைச் செலவு செய்வது தனி வித்தை. புத்தகம், கணினி, களப்பணி என்று எல்லாவற்றுக்கும் செலவுத் தலைப்பு இருந்தது. சைகை மொழிபெயர்ப்பாளருக்கும், பார்வையற்றவரைக் கைபிடித்து அழைத்துவருபவருக்கும் தலைப்பு இல்லை. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய ஆய்வில் இப்படி! கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் அனுமதி ஆணையை வரி வரியாகப் படித்து, களப்பணித் தலைப்பிலேயே மதிப்பூதியம் தரலாம் என்று காட்டினார். "வவுச்சர்ல கையெழுத்து இல்லாட்டி கைநாட்டு வாங்கிட்டு வாங்க, ஆடிட்டுக்கு நான் பதில் சொல்றேன்" என்றார். அடுத்த தவணைக்காக, வாங்கிய பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அந்தத் தவணை இழுத்தடித்த மாதங்களில் படிவங்களைக் கடனுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கும்பகோணத்துக் கடைக்காரர், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. இனி இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குபவர்கள், துணைக்கு வருபவரின் கூலியை முதல் வரியிலேயே போட்டுவிட்டால் அக்காமாருக்கு வேலை குறையும்.

சைகை மொழிபெயர்த்த தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் காது கேளாத பிள்ளைக்காகப் பதில் சொல்வது எப்போதும் அம்மாதான். தம்பி அவரைப் பேசி முடிக்கவிட்டு, "இப்ப அவர் சொல்லட்டும்மா" என்பார். திருபுவனத்தில் அப்படிப் பேசவைத்த பையன், உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து கவிழ்த்தான். தையல், மெழுகுவத்தி, செல்போன் பழுதுபார்ப்பு என்று சான்றிதழ்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை வருகிறது, அதனால் அடுத்த பயிற்சிக்கும் போவேன் என்று சைகையில் சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் அம்மாவுக்கே அது புதுச் செய்தி.

நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை ஐயாவுக்கு என்ன சொல்வது? பித்தளைக் குத்துவிளக்கை ராவுவதும் மெருகேற்றுவதும் அவர் பட்டறையில் தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. போலியோவால் காலை மடக்க முடியாத அண்ணன் ஒருவர் வேலை கேட்டு வந்தபோது, பழைய மேசையின் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தி, மேலே ஒரு வைஸைப் பூட்டி, உயர ஸ்டூல் ஒன்று போட்டிருக்கிறார். அவ்வளவுதான். அந்த அண்ணன் தண்டில் தட்டைத் திருகி, மரை கடைசிச் சுற்றில் இறுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கையிலெடுப்பார். ஆட்டம் இருந்தால் கடைசலுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார், யார் செய்ததாக இருந்தாலும். "கால் மடங்கலைன்னா மேசையை ஏத்திட்டுப் போறோம், இதுல என்ன சார் ஆராய்ச்சி?" என்றார் ஐயா. பணியிடத் தகவமைப்பு என்று தலைப்பிட்டு ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறோம் ஐயா, இதைத்தான்.

எங்கள் அறிக்கையில் ஏதாவது ஒரு பக்கம் உருப்படியாக இருக்கிறதென்றால், அது வலங்கைமான் பக்கத்து அம்மா ஒருவர் கொடுத்தது. பார்வையற்ற மகள் பயிற்சியைப் பாதியில் விட்டதற்குக் காரணம் கேட்டோம். ஆர்வக்குறைவு, தூரம், உடல்நிலை என்று எங்கள் படிவத்தில் கட்டங்கள் இருந்தன. அவர் கேட்டார்: "தை மாசத்துல பயிற்சி வச்சா யாருப்பா கூட்டிட்டுப் போறது? அறுப்புக்குப் போவனா, இவளோட போவனா?" பழைய முகாம் அறிவிப்புகளைத் தேடி எடுத்துப் பார்த்தோம். எங்களுக்குக் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஜனவரி முதல் மார்ச் வரை நடந்தவை. மார்ச் 31க்குள் நிதியைச் செலவழித்தாக வேண்டும் என்று அலுவலகங்கள் அவசரப்படும் மாதங்கள் அவை. டெல்டாவில் அதுதான் சம்பா, தாளடி அறுவடை. வீட்டில் துணைக்கு ஒரு கை மிஞ்சாத காலம். பயிற்சியைச் சித்திரை, வைகாசிக்குத் தள்ளி வையுங்கள், மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள் என்பது எங்கள் முதல் பரிந்துரை. அம்மா, அது உங்களுடையது.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கையை இழந்து, இப்போது கொள்முதல் நிலையத்தில் பருவகாலக் காவலராக இருக்கும் அண்ணனுக்கும் நன்றி. லாரி வராமல் மூட்டைகள் தேங்கிக் கிடந்த நாளில், தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே எங்களுக்குப் பதில் சொன்னார். சீசன் முடிந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அரசு நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் கட்டணம் இல்லை. ஆனால் உள்ளூர்ச் சந்து வரை வருவது தனியார் மினிபஸ்தான், அதில் சீட்டு வாங்க வேண்டும். ஊன்றுகோலைக் கண்டால் வண்டியை ஓரத்துத் திண்ணையோடு ஒட்டி நிறுத்தி, படியின் உயரத்தைக் குறைத்துக் கொடுக்கும் அந்த மினிபஸ் ஓட்டுநருக்கு நன்றி. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிதிக் கழகத்தின் கடன் எப்படி வருகிறது, எந்த இடத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காமல் நிற்கிறது என்று பொறுமையாகச் சொன்ன கூட்டுறவு வங்கிச் செயலாளர், பட்டியல் தந்த கிராம நிர்வாக அலுவலர்கள், மழைக்கு ஒதுங்கிய டீக்கடைகள், எல்லோருக்கும்.

அப்புறம், ஒரு தகவல். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் நீங்கள் பேட்டி கொடுத்த ஊராட்சி அலுவலகங்களிலும் கிளை நூலகங்களிலும் இருக்கும். பார்வையற்றவர்களுக்கு ஒலிப்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். சைகையில் ஒரு வீடியோவும் தயாராகிறது, தம்பிதான் செய்கிறார். யாருடைய பெயரையும் போடவில்லை. அப்படியும் தன்னை அடையாளம் தெரிகிறது என்று யாருக்காவது தோன்றினால், நூலகரிடம் சொல்லுங்கள், அச்சுக்குப் போகும்முன் அந்தப் பத்தியை எடுத்துவிடுகிறோம். பேட்டிக்கான பயணப்படியை இன்னும் வாங்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள். பணம் கணக்குப் பிரிவு அக்காவிடம் இருக்கிறது. மார்ச்சுக்குள் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவும் திரும்பிப் போய்விடும்.

அன்புடன்,
ஆய்வுக் குழுவினர் சார்பில்